முத்திரை குத்திய அடுப்பு

ஏழு கடல் தாண்டிப் போக வேண்டியதில்லை. ஒரு வாய்க்காலைத் தாண்டினாலே வந்துவிடும் சுகபுரி ராஜ்யம். அங்கே அடுப்பு செய்து விற்கும் உரிமை அரசரின் மைத்துனர் ஒருவருக்குத்தான் உண்டு. காற்றடித்துப் பற்றவைக்கும் எண்ணெய் அடுப்பு. பளபளப்புக்குக் குறைவில்லை. அவ்வப்போது வெடிக்கும், அவ்வளவுதான்.

சந்தை முனையில் ஆப்பக் கடை வைத்திருந்த கோமளவல்லியின் அடுப்பு ஒருநாள் காலையில் வெடித்தது. ஆப்பம் கூரையில் போய் ஒட்டிக்கொண்டது. அவளுடைய இரண்டு புருவங்களும் போயின. கண்மையால் புருவம் வரைந்துகொண்டு நேரே மக்களின் பாதுகாப்பைக் கவனிக்கும் அமைச்சர் பரந்தாமரிடம் போய் நின்றாள். தொழில் பழக இனிமேல் அந்த அடுப்படியில் அவளுடைய மகள் தைலம்மையும் நிற்கப்போகிறாள்.

“என் மூஞ்சி போனாப் போகட்டும் சாமி. அடுப்பு வெடிச்சு எம்பொண்ணு மூஞ்சியும் போச்சுன்னா யாரு பதில் சொல்றது?”

“அம்மணி, வெடித்தது என்ற சொல்லை இந்த அலுவலகத்தில் பயன்படுத்தக் கூடாது,” என்றார் அமைச்சர். “அடுப்பு மலர்ந்தது என்று சொல்லுங்கள். ஒவ்வொரு அடுப்பும் அரசாங்கச் சோதனைக்கூடத்தில் தேறி, முத்திரை பெற்ற பிறகே வெளியே வருகிறது.”

“பத்த வச்சுப் பாத்தீங்களா?”

அமைச்சர் பதறிப்போனார். “சோதனைக்கூடத்தில் நெருப்பா? அங்கே மனிதர்கள் வேலை செய்கிறார்கள்!”

சுகபுரியின் வழக்கம் அதுதான். அடுப்பைத் தட்டிப் பார்ப்பார்கள், எடை போடுவார்கள், துடைத்து முத்திரை குத்துவார்கள். கொளுத்த மட்டும் மாட்டார்கள். அதுவரை ஒரு அடுப்புகூட அங்கே தோற்றதில்லை என்பதில் துறைக்குப் பெருமைதான்.

ஆனாலும் புகார் என்று வந்த பிறகு அரசு சும்மா இருக்குமா? சமைப்பவர்கள் அடுப்பிலிருந்து ஆள் நீளம் தள்ளி நின்று, நீள அகப்பையால்தான் சமைக்க வேண்டும் என்று ஆணை வந்தது. அகப்பை செய்யும் உரிமையும் மைத்துனருக்கே போயிற்று. கோமளவல்லி ஊற்றிய மாவில் பாதி பக்கத்துப் பூக்காரியின் மடியில் விழுந்தது. அகப்பை கனத்தது, நடுவில் தாங்கிப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டியிருந்தது. அப்படித்தான் தைலம்மை அடுப்பை ஒட்டி வந்து நின்றாள். ஒவ்வொரு ஆப்பத்துக்கும் தாய்க்கு உயிர் போய் உயிர் வந்தது.

இதற்குள் அமைச்சர் பதவிக்கான தேர்தல் நெருங்கிவிட்டது. அடுப்பின் பெருமையை ஊரறியச் செய்ய அமைச்சர் மேடை போட்டு, நடுவில் புது அடுப்பு ஒன்றை வைத்தார். அரசரும் மைத்துனரும் வந்து உட்கார்ந்தார்கள். பயனடைந்த குடிமகள் என்று கோமளவல்லியை மேடையேற்றி மாலை போட்டார்கள்.

“இந்த அம்மணியின் புன்னகையே எங்கள் சாட்சி!” என்று முழங்கினார் அமைச்சர்.

கோமளவல்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மடியிலிருந்து தீப்பெட்டியை எடுத்தாள்.

“பேச்செதுக்கு சாமி? இங்கனயே ஒரு ஆப்பம் சுட்டுத் தாரேன், மூணு பேரும் சுடச்சுடத் தின்னுட்டுப் போங்க” என்று குச்சியை உரசினாள்.

மேடை காலியாகிவிட்டது. அரசர் செருப்பை விட்டுவிட்டு ஓடினார். அமைச்சர் பந்தல் காலைக் கட்டிக்கொண்டு சறுக்கி இறங்கினார். எல்லோருக்கும் முன்னால் குதித்தவர் மைத்துனர், செய்தவருக்குத் தெரியாதா? கோமளவல்லி குச்சியை ஊதி அணைத்தாள். ஊர் விழுந்து விழுந்து சிரித்தது.

மறுநாள் காலை ஆணை வந்தது. ‘அடுப்பில் குறையில்லை. ஆபத்து தீக்குச்சியில் இருப்பது கண்டறியப்பட்டுள்ளது. இன்றுமுதல் தீப்பெட்டிக்குத் தடை.’

அன்றோடு அடுப்புகள் மலர்வது அடியோடு நின்றது. அதைச் சொல்லியே அமைச்சர் தேர்தலில் வென்றார். ஊரே அவலை நனைத்துத் தின்றது. மகள் முகத்துக்கு இனிப் பயமில்லை. கடையைத்தான் மூட வேண்டியதாயிற்று. கோமளவல்லிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

“யம்மா, அங்க பாரு” என்றாள் தைலம்மை.

அரண்மனைப் புகைபோக்கியில் மட்டும் புகை. தாயும் மகளும் பின்வாசலில் போய் எட்டிப் பார்த்தார்கள். மடைப்பள்ளியில் மூன்று கல்லைக் கூட்டி, விறகு வைத்துச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். மைத்துனரின் அடுப்பு ஒன்றுகூட அங்கே இல்லை.

“என்னண்ணே, முத்திரை அடுப்பு இல்லியா?”

“அரசர் சாப்பிடுற எடம்மா இது!” என்றார் சமையற்காரர், காதில் விழக்கூடாததைக் கேட்டவர்போல.

கோமளவல்லி ஒரு கொட்டாங்கச்சி நிறையக் கங்கு கேட்டு வாங்கிக்கொண்டாள். ஆற்றங்கரையில் மூன்று கல்லைப் பொறுக்கினாள். அவளிடம் பூக்காரி கங்கு வாங்கினாள், பூக்காரியிடம் தெருவே வாங்கியது. சாயங்காலம் சுகபுரியின் எல்லாக் கூரைமேலும் புகை எழுந்தது. தைலம்மை தானே ஒரு ஆப்பம் சுட்டாள். கோமளவல்லி முதல்முறையாகக் கண்ணை மூடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாடத்திலிருந்து அமைச்சரும் பார்த்தார். “பாதுகாப்பற்ற கற்கள்!” என்று துடித்துப்போனார்.

மறுநாள் காலை, கையில் முத்திரைக் கட்டையோடு, மைத்துனர் ஆற்றங்கரையில் கல் கடை போட இடம் பார்த்துக்கொண்டிருந்தார்.