வியாழக்கிழமை வேவுக்காரி

மதிப்பிற்குரிய வக்கீல் மச்சானுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் தங்கையும் இரண்டு மாதப் பெண் குழந்தையும் நலம். அங்கு அக்காவும் பிள்ளைகளும் சுகமா? நலம் என்று எழுதிவிட்டேனே தவிர, எனக்குத் தூக்கமில்லை. என் பிள்ளையை என்னிடமிருந்து பிடுங்கிக்கொள்ள ஏதோ ஏற்பாடு நடக்கிறது.

கைக்குழந்தை இருக்கும் வீடுகளுக்குப் போய்ப் பார்க்கிற திட்டமாம். அதிலிருந்து வியாழன்தோறும் ஒரு அம்மா வருகிறார். எதையும் விற்பதில்லை, காபியைக்கூடத் தொடுவதில்லை. ரயிலில் டிக்கெட் பரிசோதித்தே பாதித் தலை நரைத்தவன் நான். என்னைக் கண்டதும் காரணமில்லாமல் சிரிக்கிற பயணியிடம்தான் முதலில் டிக்கெட் கேட்பேன். இந்த அம்மா வாசலிலேயே சிரிக்கிறார். முதல் வாரம் வீட்டைத் துடைத்து, உடைந்த நாற்காலியைக் குளியலறையில் ஒளித்து வைத்தேன். வந்தவர் கை கழுவ நேரே அங்கேதான் போனார்! போன வாரம் எங்கள் வீட்டு டப்பா மூடியையே கரண்டியால் தட்டி எங்கள் பிள்ளையை மயக்கிவிட்டு, என் பக்கம் திரும்பி, "அப்பா தூக்கறதே இல்லையா?" என்று கேட்டாரே பார்க்கலாம்! "யூனிஃபார்ம் அழுக்காயிடும்ங்க" என்று சமாளித்தேன். உண்மையை உங்களிடம் மட்டும் சொல்கிறேன்: தலை நிற்காத பிள்ளை, கீழே போட்டுவிடுவேனோ என்று பயம். "உக்காந்துக்கிட்டே வாங்குங்க, ஏதாவது பேசுங்க" என்று மடியில் வைத்துவிட்டு எட்ட நின்று பார்க்கிறார். டிக்கெட் கேட்டே பழகிய நாக்கு என்னுடையது. வாயில் வந்தது, "எங்க போறீங்க?" என்பதுதான். இரண்டு பெண்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தகப்பன் லாயக்கில்லை என்று சாட்சி சேர்ப்பதல்லாமல் இது வேறென்ன? உங்கள் தங்கையும் உடந்தை. சமையலறையில் இருவரும் ஒரே குசுகுசு. ஆகவே வருகிற வியாழன் நீங்களே கறுப்புக் கோட்டோடு வந்து அந்த அம்மாவை வாசலோடு திருப்பி அனுப்ப வேண்டும்.

அக்காவுக்கு வணக்கமும் பிள்ளைகளுக்கு ஆசியும் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்களையே மலைபோல் நம்பியிருக்கும் மாப்பிள்ளை

பின்குறிப்பு: மேலே எழுதியதை உங்கள் தங்கை படித்துவிட்டாள். "அவங்க பிள்ளையப் பாக்க வரலை, உங்களுக்காகத்தான் வராங்க. நான்தான் போன் பண்ணிக் கூப்பிட்டேன். பெத்த பிள்ளைய எத்தனை நாளைக்குத் தூர நின்னே பாப்பீங்க?" என்று சொல்லி, பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள். பிள்ளை என் வலது கையில் தூங்குகிறது. இடது கையால் எழுதுகிறேன்; கோணல் மாணலைப் பொறுக்கவும். வியாழக்கிழமை வந்துவிடாதீர்கள் மச்சான், அன்றைக்குக் குளிப்பாட்டச் சொல்லித் தருகிறாராம். இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டிருப்பேன். அதற்கு இரண்டு கையும் வேண்டியிருக்கிறது, ஒன்றை எடுக்க மனசு வரவில்லை.