முனீர் இறுக்கிய நட்டு

முதல் சொட்டு முனீர் அகமதுவின் மூக்கில் விழுந்தது. மழையோ என்று அண்ணாந்து பார்த்தான். வானம் வெயிலில் வெளுத்துக் கிடந்தது. சொட்டியது பொக்லைன் வண்டியின் கையில் ஓடும் எண்ணெய் ஹோஸ். அதன் நட்டு தளர்ந்திருந்தது. காலையில் டீ குடிக்கப் போகும்வரை நன்றாக இருந்த நட்டு!

போச்சம்பள்ளியில் புதுக் கம்பெனிக்குக் காம்பவுண்டுச் சுவர் எழுப்பப் போகிறார்கள். சுண்ணாம்புக் கோடு போட்ட வழியில் முனீர் அஸ்திவாரம் தோண்ட வேண்டும். குறுக்கே நின்ற மூன்று மாமரங்களையும் சாய்க்க வேண்டும்.

"சாயங்காலம் வருவேன். பாதியாவது தோண்டியிருக்கணும். இல்லன்னா வேற ஆளப் பாத்துக்குவேன்" என்று கான்ட்ராக்டர் தீர்த்தகிரி சொல்லிவிட்டுப் போயிருந்தார். இந்த வேலையை நம்பித்தான், தாய் வீட்டில் இருந்த ஃபரீதாவைப் பெட்டி கட்டச் சொல்லி முனீர் கடிதம் போட்டிருந்தான். கல்யாணமாகி ஒரு வருஷம் கழித்து இப்போதுதான் தனிக்குடித்தனம்.

கருவிப் பெட்டியைத் திறந்தான். இருபத்தேழாம் நம்பர் ஸ்பேனரைக் காணோம். போதாத காலம் வந்தால் ஸ்பேனருக்கும் கால் முளைக்கும். கிடைத்த ஸ்க்ரூ ஸ்பேனரை வைத்து இறுக்கினான்.

"வெயில்ல வேகறியே தம்பி, மோர் குடி" என்று ஒரு குரல். பக்கத்து மாந்தோப்பு சரோஜம்மாள் சொம்போடு நின்றாள். "அய்யே, கையெல்லாம் எண்ணெய். கழுவிட்டு வா. கிணத்துத் தொட்டியில சோப்பு இருக்குது."

எண்ணெய்க் கையால் தின்பதையோ குடிப்பதையோ தொடக்கூடாது என்பது அவன் தொழில் கற்ற ஒர்க்‌ஷாப்பின் சட்டம். கிணறோ தோப்பின் மறுகோடியில் இருந்தது. போய்க் கழுவி வந்து, மோரைக் குடித்துவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

இப்போது சொட்டவில்லை. ஒழுகியது.

"இன்னிக்கு நீயா நானா பாத்துடலாம்" என்று நட்டிடம் சவால் விட்டு, ஸ்பேனர் பிடியில் நீளக் குழாய் ஒன்றை மாட்டி, தொங்கி இறுக்கினான். மறுபடி மோர் வந்தது. மறுபடி கிணற்றடிக்குப் போய் வந்தான். இம்முறை பக்கத்து நட்டும் சேர்ந்து ஒழுகியது.

"ஏம்மா, வீட்ல அய்யா இருக்காரா? நல்ல ஸ்பேனர் ஒண்ணு கெடைக்குமா?"

"அவரு காலைலயே கிருஷ்ணகிரிக்குப் போயிட்டாரு தம்பி. ஸ்பேனரு கீனரெல்லாம் நான் என்னாத்தக் கண்டேன்? நீ மோர் குடி."

சொம்பில் கரிய விரல் தடங்கள் இருந்தன. சோப்புப் போட்டும் தன் கை சுத்தமாகவில்லையே என்று முனீர் வெட்கப்பட்டான். பிறகு சைக்கிள் டியூபைக் கிழித்து இரண்டு நட்டிலும் கட்டினான். நான்காவது சொம்பு மோருக்குப் பிறகு மூன்றாவது நட்டும் ஒழுகியது. 'பிஸ்மில்லா' சொல்லி எல்லாவற்றையும் திரும்ப இறுக்கினான். ஐந்தாவது சொம்பு வந்தது. அந்தம்மாவின் நல்ல மனசை நினைத்து அவனுக்குக் கண் கலங்கியது.

கிணற்றடியிலிருந்து திரும்பும்போது வெள்ளைச் சட்டை மடிப்புக் கலையாமல் தீர்த்தகிரி வந்து நின்றார்.

"என்னா முனீரு? ஒரு கூடை மண்ணுகூட எடுக்கலையே?"

"நட்டு நிக்க மாட்டேங்குதுண்ணா."

"நீ கிளப்பு. எங்க ஒழுகுதுன்னு நான் பாக்கறேன்."

அவர் நன்றாகக் குனிந்து பார்த்தார். முனீர் கிளப்பினான். எண்ணெய் பீய்ச்சி அடித்ததில் சட்டை, மீசை, சட்டைப்பை டைரி எல்லாம் ஒரே நிறமாயின.

"எறங்குடா கீழ! நாளையிலேருந்து வராத!"

முனீர் சாவியோடு இறங்கினான். ஃபரீதா கட்டி வைத்திருக்கும் பெட்டிதான் கண்முன் வந்தது. அழுகையை அடக்கிக்கொண்டான்.

அப்போது சரோஜம்மாளின் கணவர் நாராயணப்பன், சங்கிலி தூக்கிய சர்வேயரோடு வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். சர்வேயர் சங்கிலியைப் போட்டு அளந்தார். வரைபடத்தைப் பார்த்தார். திரும்பவும் அளந்தார்.

"கோடு தப்புங்க. இது நாராயணப்பனோட பட்டா நிலம். கம்பெனி எடம் முப்பதடி தள்ளி. மரத்தச் சாச்சிருந்தீங்கன்னா, கோர்ட்டுக்கு நடந்தே செருப்பு தேஞ்சிருக்கும்."

எண்ணெய்க்கு அடியிலும் தீர்த்தகிரியின் முகம் வெளுத்தது தெரிந்தது. பாய்ந்து போய் முனீரைக் கட்டிக்கொண்டார். பாதி எண்ணெய் இவன்மேல் ஏறியது.

"உன் வண்டி ஒழுகினதாலதான்டா நான் பொழச்சேன்! நீதான் இனிமே எனக்கு நிரந்தரம். நாளைக்குக் காலைல சரியான எடத்துல தோண்டு."

முனீருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அல்லாவுக்கு நன்றி சொன்னான். நாளை என்றதும் திரும்பி வண்டியைப் பார்த்தான்.

"நாளைக்கும் நட்டு கழண்டுக்கிச்சுன்னா என்னா பண்றதுண்ணா?"

எல்லாருக்கும் மோர் ஊற்றிக்கொண்டிருந்த சரோஜம்மாள் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பு மடிப்பிலிருந்து எதையோ உருவி அவனிடம் நீட்டினாள்.

"இனிமே கழலாது தம்பி. இந்தா, உன் ஸ்பேனரு."