கண்ணாடி அலமாரியில் ஒரு யானை

மகளின் அறிவுக்காகக் கண்ணீர் விட்ட தந்தைமார்களுக்கு என்றைக்காவது ஒரு உலக மாநாடு கூடுமானால், மேடையில் நடுநாயகமாக உட்கார வேண்டியவர் மேற்குத் தாம்பரம் கஸ்தூரிரங்கன்தான். ஏதோ பேருக்கு ஒரு துளி விட்டவர் அல்ல. மேல்துண்டு நனைய அழுதவர்.

அழவைத்தது தொலைக்காட்சி. காலனிக்குக் கலர் டி.வி. வந்த புதிது. ஞாயிற்றுக்கிழமை சினிமாவுக்கு முன்னால் ‘இளந்தளிர் அறிவுக் களஞ்சியம்’ விளம்பரம் வந்தது. ஒரு அப்பா மகளுக்குப் புத்தகம் படித்துக் காட்டுகிறார். அவள் அவர் தோளிலேயே தூங்கிப் போகிறாள். புல்லாங்குழல். அடுத்த காட்சியில் வளர்ந்து, கறுப்பு அங்கியும் பட்டக் குல்லாயுமாக வந்து அவர் காலில் விழுகிறாள். “இன்று நீங்கள் வாங்கித் தராத புத்தகத்துக்காக, நாளை அவள் உங்களை மன்னிப்பாளா?” என்று ஒரு குரல் தழுதழுத்தது. கஸ்தூரிரங்கன் மூக்கைச் சிந்தினார். மூன்றாம் வகுப்பு படிக்கும் பட்டு, அப்பாவுக்கு ஜலதோஷம் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுவாரமே கம்பெனிப் பிரதிநிதி தாவீது டை கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். புத்தகத்தின் தாளைத் தடவிக் காட்டினார். பைண்டிங்கைத் தட்டிக் காட்டினார். உள்ளே என்ன இருக்கிறது என்று கஸ்தூரிரங்கன் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பெரியவர்கள் இப்படி உணர்ச்சிவசப்பட்டிருந்த நேரத்தில், பட்டு ஒரு தொகுதியை மடியில் வைத்துப் படிக்கவே ஆரம்பித்துவிட்டாள். பாழுங்கிணற்றில் குட்டி யானை ஒன்று விழுந்துவிட்டது. ஊரே கூடிக் கயிறு போட்டு இழுத்தது. கயிறு அறுந்தது. அவள் பக்கத்தைத் திருப்பப் போனபோது, தாவீது அன்போடு புத்தகத்தை வாங்கிப் பையில் வைத்தார். அது மாதிரிப் பிரதியாம்.

“உனக்குப் புது செட்டே வரப்போகுது பாப்பா. உங்க வீட்லயே வச்சுக்கலாம்” என்றார்.

நியாயஸ்தர். வைத்துக்கொள்ளலாம் என்றுதான் சொன்னார். படிக்கலாம் என்று வாய் தவறிக்கூடச் சொல்லவில்லை.

செட் வந்தது. அதைக் கௌரவிக்க ஹாலில் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி வந்தது. அலமாரிக்குப் பூட்டு வந்தது. சாவி, கஸ்தூரிரங்கனின் மனைவி லோகநாயகியின் இடுப்பில் ஏறியது. பட்டு புத்தகம் கேட்டாள். கை அழுக்கு என்றாள் அம்மா. கழுவிக்கொண்டு வந்தாள். ஈரம் என்றாள். துடைத்துக்கொண்டு வந்தாள். பரீட்சை முடியட்டும் என்றாள். முடிந்தது. லீவுக்கு ஊரப்பாக்கத்துச் சொந்தக்காரக் குழந்தைகள் வந்து கிழித்துவிடும் என்றாள். அந்தக் குழந்தைகளின் பெற்றோரோ அலமாரி முன்னால் நின்று, “கஸ்தூரி, உன் பொண்ணு கொடுத்துவச்சவ” என்று வயிறெரிந்தார்கள். அறிவு பரவுவது என்றால் இதுதான்.

இந்தக் குடும்பம் புத்தகத்தை வெளியே எடுக்காது என்று யாரும் அபாண்டமாகப் பேசக் கூடாது. சரஸ்வதி பூஜை அன்று எல்லாத் தொகுதிகளையும் எடுத்து அடுக்கி, சந்தனமும் குங்குமமும் இட்டு, பூப் போட்டார்கள். பட்டு கையை நீட்டினாள். பூஜையில் வைத்த புத்தகத்தை அன்றைக்குப் படித்தால் சரஸ்வதிக்குக் கோபம் வரும் என்று லோகநாயகி தடுத்தாள். மறுநாள் படித்தே ஆக வேண்டும் என்பதும் சாஸ்திரம்தான். ஆனால் பட்டு விஜயதசமியன்று எழுந்து வருவதற்குள் தொகுதிகள் சந்தனத்தோடு உள்ளே போய்விட்டன.

அப்புறம் கம்பெனி, ‘சிறந்த வாசிப்புக் குடும்பம்’ என்று ஒரு விருதை அறிவித்தது. தாவீது போட்டோகிராபரோடு வந்தார். புத்தகங்கள் புத்தம் புதிதாக இருப்பதைக் கண்டு, இப்படிப் போற்றும் வீட்டைத் தாம் பார்த்ததே இல்லை என்று உருகினார். பட்டுவின் கையில் ஒரு தொகுதியைக் கொடுத்தார்கள். அதேதான். அவள் அவசர அவசரமாகப் புரட்டிக் கயிறு அறுந்த இடத்துக்கு வந்தாள்.

“பாப்பா, புக்கைப் பார்க்காதே. கேமராவைப் பாரு” என்றார் போட்டோகிராபர்.

பார்த்தாள். படம் எடுத்தாயிற்று. லோகநாயகி புத்தகத்தை வாங்க வந்தாள். அவ்வளவுதான், பட்டு அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். இழுக்க இழுக்க விடவில்லை. போட்டோகிராபருக்குக் கைகால் பரபரத்தது. தரையில் மண்டியிட்டுப் படமாக எடுத்துத் தள்ளினார். இந்த எமோஷன் காசு கொடுத்தாலும் கிடைக்காது என்றார் தாவீது. பிறகு நாலு பேருமாகச் சேர்ந்து புத்தகத்தைப் பிடுங்கிப் பூட்டினார்கள்.

விருது கிடைத்தது. தாம்பரம் ஸ்டேஷனில் ஆளுயர போஸ்டர் ஏறியது. புத்தகத்தை அணைத்துக்கொண்டு பட்டு அழுகிறாள். கீழே, ‘பிரிய மனமில்லை இவளுக்கு! உங்கள் குழந்தைக்கு?’ எலக்ட்ரிக் ட்ரெயினுக்கு நின்றவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கஸ்தூரிரங்கன் துடைத்துத் துடைத்து ட்ரெயினையே விட்டார். சாயங்காலம் மகளையும் அழைத்து வந்து காட்டினார்.

பட்டு போஸ்டரை ஒரு எழுத்து விடாமல் படித்தாள். அந்தக் கம்பெனி அச்சடித்ததில் அவளை முழுசாகப் படிக்க விட்டது அது ஒன்றைத்தான்.

“அப்பா, அந்த யானை கிணத்துலேர்ந்து வெளியில வந்துடுத்தா?”

“எந்த யானைம்மா?”

“நம்மாத்துப் புஸ்தகத்துல இருக்கே, அது.”

கஸ்தூரிரங்கன் பெருமையோடு அவள் தலையைத் தடவினார். “நம்மாத்துப் புஸ்தகத்துல இருக்கறதா? அப்போ கவலையே படாதே. பூட்டித்தானே வச்சிருக்கோம், எங்க போயிடும்?”

யானை இன்னும் கிணற்றுக்குள்தான் இருக்கிறது என்று பட்டுவுக்குப் புரிந்துவிட்டது.