வட்டாரத்துச் சதவீதக்காரர்

சதவீதக்காரர் என்றொரு இனம் உண்டு, பார்த்திருப்பீர்கள். தலைவலிக்கிறது என்று சொன்னால், “நம்ம தெருவுல எத்தனை பேருக்கு?” என்று கேட்பவர். இந்த இனத்தின் அசல் சரக்கு, வட்டார வேலைநிலைப் புள்ளிவிவர அலுவலகத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கும். பட்டறை மூடினால் அவர் கலங்கமாட்டார், ஆலை வாசலில் ‘ஆள் தேவை’ பலகையைக் கழற்றினாலும் கலங்கமாட்டார், பேருந்து நிறுத்தத்தில் சான்றிதழ் உறையோடு நிற்கும் கூட்டம் நாளுக்கு நாள் பெருத்தாலும் ஒதுங்கி வழி கேட்டுக்கொண்டு போய்விடுவார். ஆனால் வேலையில்லாதோர் சதவீதம் அரைப் புள்ளி ஏறிவிட்டதோ, அன்று அவர் முகத்தில் ஈயாடாது. ஊரைப் பற்றிய கவலையா? பக்கத்து வட்டாரம் முந்திவிடக் கூடாது, அவ்வளவுதான்.

கண்டம் அவர் வீட்டுக்குள்ளேயே இருந்தது. மனைவியின் தம்பி. கடைசல் பட்டறை மூடியதிலிருந்து அக்கா வீட்டில்தான் சாப்பாடும் தூக்கமும். காலையில் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வேலை தேடிப் போவான். சாயங்காலம் வாடிப்போய் வருவான். இவன் வாழ்க்கை என்ன ஆகுமோ என்று அக்காவுக்குக் கவலை. சதவீதக்காரருக்கோ, கணக்கில் ஒரு தலை கூடுகிறதே என்று.

ஒரு நாள் மைத்துனன் சான்றிதழ் உறையை மேசைமேல் எறிந்தான். “போதும் மாமா. இனிமே எங்கேயும் போய் நிக்கமாட்டேன். வெறுத்துப்போச்சு.”

சதவீதக்காரர் துள்ளி எழுந்தார். சமையலறைப் பக்கம் திரும்பிக் கூவினார்: “அடியே, உன் தம்பி வேலையில்லாதவன் இல்லேடி!”

அவள் கரண்டியோடு ஓடிவந்தாள். “வேலை கிடைச்சிடுச்சா?”

“தேடறதை விட்டுட்டான்! தேடறவனுக்குத்தான் வேலையில்லாதவன்னு பேரு. தேடாதவன் எங்க கணக்குலேயே வரமாட்டான். இப்படி இன்னும் நாலு பேர் மனசு வெச்சா நம்ம வட்டாரம்தான் முதலிடம்.”

தம்பி சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அதைப் பார்த்ததும் அவளுக்குக் கண்ணும் நிறைந்தது, கோபமும் பொத்துக்கொண்டு வந்தது. சாப்பாட்டு நேரத்தில் தம்பியின் தட்டு நிரம்பியது. அவர் தட்டு காலியாகவே இருந்தது.

“என்னடி, எனக்கு?”

“கேக்காதீங்க. கேக்கறவருக்குத்தான் பசிச்சவர்னு பேரு. பேசாம இருந்தா நீங்களும் என் கணக்குல வரமாட்டீங்க.”

மனிதர் வெட்கப்பட்டிருப்பார் என்றா நினைக்கிறீர்கள்? நன்றாக நினைத்தீர்கள்! கொஞ்ச நேரம் யோசித்தார். “முறை சரியாத்தான் இருக்கு” என்று முணுமுணுத்துவிட்டு, பட்டினியாகப் போய்ப் படுத்துக்கொண்டார்.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ‘எங்கேயாவது சொல்லி வையுங்க சார்’ என்று உங்கள் வீட்டுக்கு நடையாய் நடந்த ஒருவர், கொஞ்ச நாளாக வருவதில்லை அல்லவா? அவருக்கு எங்கேயோ வேலை கிடைத்திருக்கும் என்றுதானே நீங்களும் நிம்மதியாக இருக்கிறீர்கள்?