புகார் ஃபாதர்

பதுளையில் கடவுளுக்கு மிக அதிகமாக வேலை வைத்தவர் எங்கள் புகார் ஃபாதர்தான். கத்தோலிக்கப் பள்ளியான எங்கள் பள்ளியில் ஆன்மிகப் பொறுப்பு அவருடையது. காலைக் கூட்டத்தில் மற்ற குருமார் ஜெபம் சொல்வார்கள். இவர் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, எங்களைப் பற்றிக் கடவுளிடம் புகார் சொல்வார்.

நான் வேலையில் சேர்ந்த முதல் வாரமே மாட்டினேன்.

"ஆண்டவரே, ஒரு டீச்சர் புள்ளைங்களோட இடைவேளையையும் பாடத்துக்குச் சேத்து எடுத்துக்கிறாங்க. பேரு சொல்ல மாட்டேன். கணக்கு படிச்சுக் குடுக்கிறவங்க."

எங்கள் பள்ளியில் கணக்குக்கு நான் ஒருத்திதான். பிள்ளைகள் மிகுந்த பக்தியுடன் 'ஆமென்' சொன்னார்கள். அவர்களில் பாதிப்பேர் நெற்றியில் திருநீறு பூசியவர்கள்.

கன்டீன் நடத்தும் முஸ்லிம் நானாவின் வடையில் ஓட்டை பெரிதாகிக்கொண்டே போவதையும் ஃபாதர் மேலிடத்துக்குத் தெரிவித்தார். ஒலிபெருக்கி பஸ் நிலையம் வரை கேட்கும். மறுநாள் வடையில் ஓட்டையே இல்லை. நம்ம பள்ளிவாசலில்கூட இவ்வளவு வேகமாகப் பலன் கிடைக்காது என்று நானா சிரித்தார். தலைமை ஆசிரியரான அதிபர் மட்டும் சிரிக்கவில்லை. கூட்டத்தில் அவர் தூங்கிய விஷயமும் அந்த மாதமே மேலே போயிருந்தது. ஒலிபெருக்கியைப் பழுதென்று சொல்லிக் கழற்றி வைத்துப் பார்த்தார். ஃபாதரின் குரலுக்கு அது தேவைப்படவில்லை.

அந்த வருடம் ஓ.எல். பொதுப் பரீட்சை நெருங்கும்போது என் வகுப்பு ஜெயந்தி வராமல் நின்றுவிட்டாள். கெட்டிக்காரப் பிள்ளை. அவளைக் கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்பப்போவதாகத் தோழிகள் சொன்னார்கள். நானும் ஃபாதரும் நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்கு பஸ் ஏறினோம்.

தொழிலாளர் லயத்து வீட்டு வாசலில் அவளுடைய அப்பா வழிமறித்து நின்றார். உள்ளே ஜெயந்தியின் பை கட்டித் தயாராக இருந்தது. ஃபாதரின் புகழ் மலைமேலும் ஏறியிருந்தது போலும்.

"எங்கள பத்தி மைக்குல சொல்லிப்புடாதீங்க சாமி," என்றார் முதலிலேயே.

பிறகுதான் விஷயம் வந்தது. கொழுந்து பறிக்கும்போது மனைவி சரிவில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டாள். ஒரு ஆள் சம்பளத்தில் வீடு ஓடவில்லை.

ஃபாதர் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்து கண்ணை மூடினார். போச்சு, இந்த மனிதரையும் மாட்டிவிடப் போகிறார் என்று நினைத்தேன்.

"ஆண்டவரே, எங்க பள்ளிக்கூடத்துல ஒரு சாமியார் இருக்கான். ஊர்ல எல்லார் குத்தமும் அவனுக்குத் தெரியும். இந்த வீட்டுல ஒரு அம்மா கால் ஒடிஞ்சு கெடக்குறது மட்டும் தெரியல. புள்ள நின்னுபோன பொறகுதான் வந்து நிக்கிறான். அவன நீங்கதான் கேக்கணும்."

ஜெயந்தியின் அப்பா அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"விடுங்க சாமி. உங்கள நீங்களே திட்டிக்காதீங்க. பரீட்ச முடியட்டும், அப்பறம் பாப்போம்."

ஃபாதர் அதோடு விடவில்லை. கொழும்புக்குக் கட்டிய பை ஜெயந்தியோடு கன்னியாஸ்திரிகளின் விடுதிக்குப் போனது. அம்மாவின் காலில் கட்டுப் பிரிக்கும்வரை அந்த வீட்டுக்கு அரிசி பருப்பைத் தானே தோளில் சுமந்து ஏற்றினார். ஒருமுறை வழுக்கி விழுந்து, வெள்ளை அங்கி முழுக்கச் சேறோடு வந்து பூசை வைத்தார். ஜெயந்தி பாஸாகி இப்போது எங்களிடமே ஏ.எல். உயர்தர வகுப்பில் கணக்குப் படிக்கிறாள். அவள் கேட்கும் கேள்விகளுக்கு நான் வீட்டில் தயாராகிக்கொண்டு போகவேண்டியிருக்கிறது.

போன மாதம் ஃபாதரை மொனராகலைக்கு மாற்றிவிட்டார்கள். அவரை வழியனுப்பும்போது அதிபர்தான் அதிகம் அழுதார். புது ஃபாதர் புத்தகத்தைப் பார்த்து அழகாக ஜெபிக்கிறார். ஒருவரைப் பற்றியும் ஒன்றும் சொல்வதில்லை. பதுளையில் நாங்கள் எப்படி இருக்கிறோம் என்று ஆண்டவருக்கு இப்போது யார் சொல்கிறார்களோ, தெரியவில்லை.