வில்மாவுக்காக உன் அம்மா வேண்டிக்கொண்டது

திருத்தணி,
ஐப்பசி மாதம், சனிக்கிழமை காலை.

அன்பு மகள் கல்பனாவுக்கு,

அப்பா மணவாளன் எழுதுவது. நான் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க முருகன் துணை. வழக்கமாக இந்த இடத்தில் 'அம்மாவும் நலம்' என்று எழுதிவிடுவேன். இந்த முறை அதை எழுதவில்லை. முழுக் கடிதத்தையும் படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். உன் அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் எடுப்பாள் என்பது உனக்குத் தெரியும். அவளைப் பற்றி அவள் காதுபடவே புகார் சொல்லும் துணிச்சல் பணியில் இருந்த காலத்திலேயே எனக்கு இல்லை.

நீ ஆறாம் வகுப்பில் இருந்தபோது என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். ஞாபகம் இருக்கிறதா? உங்கள் வகுப்புக் கணக்குத் தாள்களை நான் திருத்திக் கட்டி அலமாரியில் வைத்திருந்தேன். நீ அலமாரிக்கு முன்னால் கைகூப்பி நின்றுகொண்டு, "ஏம்ப்பா, திருத்தி முடிச்ச பேப்பருக்கு இப்ப சாமிகிட்ட வேண்டிக்கினா மார்க் ஏறுமா?" என்றாய். எனக்கு எதற்கும் ஓர் உதாரணம் வேண்டும் அல்லவா. "அரக்கோணம் தாண்டிப் போன ரயிலுக்குத் திருத்தணி ஸ்டேஷன்ல நின்னு கை காட்டினா நிக்குமா?" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்தக் கேள்வி இத்தனை வருஷம் கழித்துத் திரும்பி வந்து நம் வீட்டு ஹாலில் உட்கார்ந்திருக்கிறது. இந்த முறை ரயில் உதாரணம் எடுபடவில்லை.

எல்லாம் நீ அனுப்பிய புத்தகங்களால் வந்தது. உன்னைக் குறை சொல்லவில்லை. வைகாசியில் பொதட்டூர்பேட்டைக் கல்யாணத்தில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்து, பிளேட் வைத்துத் தைத்து வீட்டுக்கு வந்ததிலிருந்து அம்மா நடக்கவே மாட்டேன் என்கிறாள். பாத்ரூமுக்குப் போவதென்றாலும் இரண்டு பேர் தோளில்தான். போன முறை காட்டியபோது டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "எலும்பு நல்லா கூடிடுச்சு. பயம்தான் கூடல. இப்படியே இன்னும் ரெண்டு மாசம் உக்காந்திருந்தாங்கன்னா, அப்புறம் நானே சொன்னாலும் நடக்க முடியாது." அன்று முதல் எனக்குத் தூக்கம் இல்லை. "உனக்காக நடம்மா, உன் உடம்புக்காக நட" என்று காலையும் மாலையும் சொல்லிப் பார்த்தேன். "நாளைக்குப் பாக்கலாங்க" என்பாள். வாங்கி வந்த வாக்கர் ஹாலில் நின்றது. முதலில் அதில் என் துண்டு காய்ந்தது. பிறகு அவள் புடவை. ஆடி மாதம் முருங்கைக்கீரைக் கட்டுகூட அதில்தான் தொங்கியது. ஆடிக் கிருத்திகைக்கு ஊரே காவடியோடு மலையில் இருந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து முதல் தடவையாக உன் அம்மா வீட்டிலேயே இருந்து வாணவேடிக்கைச் சத்தத்தை மட்டும் கேட்டாள்.

இந்த நிலையில்தான் நீ அந்த மூன்று புத்தகங்களை அனுப்பினாய். மூன்றும் ஒரே பெண்ணைப் பற்றி. அமெரிக்காவில் ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்து, சின்ன வயதில் போலியோ வந்து, இடது காலில் இரும்பு மாட்டி நடந்து, பிறகு ஒலிம்பிக்கில் ஓடி ஒரே தடவையில் மூன்று தங்கம் வாங்கிய வில்மா ருடால்ஃப். பாடம் நடத்துகிறவனுக்கு இதைவிட நல்ல உதாரணம் எங்கே கிடைக்கும்! புத்தகம் வந்த அன்றே, நாற்பது வருஷப் பழக்கம், மூன்றுக்கும் பிரவுன் தாளில் அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, என் பெயர் எழுதி வைத்தேன். அங்கேதான் முதல் தப்பு. மூன்று அட்டையிலும் அந்தப் பெண் காற்றாய் ஓடுகிற படம் இருந்தது. அது பிரவுன் தாளுக்குள்ளே போய்விட்டது.

மறுநாள் சாயங்காலம் அம்மாவுக்குப் படித்துத் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். மலையடிவாரத்தில் பூக்கட்டி விற்கும் பூவம்மாள் தெரியுமல்லவா, நம் பக்கத்து வீட்டுக்கு வாடகைக்கு வந்திருப்பவள். அவளும் மல்லிகைக் கூடையோடு வந்து உட்கார்ந்துவிட்டாள். பெயர் நாக்கில் நிற்கவில்லையென்று முதல் நாளே 'வில்லம்மா' ஆக்கிக்கொண்டாள். கைகள் பூத் தொடுத்தபடி இருக்கும், காது என்னிடம் இருக்கும். அந்தத் தாய் வேலைக்குப் போன களைப்போடு பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஐம்பது மைல் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போவதையும், கறுப்பர்கள் பின் சீட்டில்தான் உட்கார வேண்டும் என்று அங்கே சட்டம் இருந்ததையும் சொன்னபோது அவள் கை நின்றுவிட்டது.

"நொண்டிப் புள்ளய வெச்சிகினுமா பின்னாடி?"

"ஆமாம்."

"எங்க நைனா காலத்துல எங்களுக்கும் டீக்கடையில தனி கிளாஸுதான் சாரே. இன்னா தூரத்துல இருந்தாலும் இதுல மட்டும் ஒத்துமையா இருந்திருக்கானுங்க பாருங்க" என்றாள்.

உன் அம்மா தன் காலை நீவிவிட்டுக்கொண்டாள். "அந்தக் காலுக்கு இன்னா பண்ணாங்க, அதச் சொல்லுங்க" என்றாள். வீட்டில் இருந்த அண்ணன், அக்காமார் எல்லாம் முறைபோட்டு அந்தக் காலைப் பிடித்துவிட்டார்கள் என்று படித்தேன். இரும்பு மாட்டிய காலோடு பள்ளிக்கூடம் போனாள் என்று படித்தேன். மணி பார்த்தேன். "இன்னிக்கு இவ்வளவுதான், மிச்சம் நாளைக்கு" என்று புத்தகத்தை மூடிவிட்டேன். பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே நிறுத்தினால்தான் மறுநாள் வகுப்புக்கு வருவார்கள் என்பது என் அனுபவம்.

அது இரண்டாவது தப்பு. மறுநாள் காலையில் திருவாலங்காட்டிலிருந்து போன். என்னோடு வேலை பார்த்த தணிகைமணி சாருக்கு உடம்பு சரியில்லை. போனவன் இரண்டு நாள் அங்கேயே தங்கும்படி ஆயிற்று. இங்கே இரண்டு பெண்களும் அந்தக் குழந்தையைக் காலில் இரும்போடு பள்ளிக்கூட வாசலில் நிறுத்திவைத்துத் தவித்திருக்கிறார்கள். புத்தகம் இங்கிலீஷில், அட்டையில் என் பெயர்தான் தெரிகிறது. எனக்குப் போன் போட்டால் என்ன? "நீங்க அங்க சாவக் கெடக்குற மனுசன் பக்கத்துல இருக்கீங்க. அங்க போன் போட்டு, அந்தப் பொண்ணு நடந்துச்சான்னு கேப்பாங்களா?" என்று பின்னால் உன் அம்மா என்னையே அதட்டினாள்.

அவர் தேறி, நான் திரும்பி வந்தபோது வாக்கரில் துண்டு இல்லை, கீரை இல்லை. கைப்பிடியில் ஒரு மஞ்சள் துணி முடிச்சு தொங்கியது. உள்ளே காசு. "இது இன்னா?" என்றேன். "வேண்டுதல்" என்றாள். அந்தப் பெண்ணின் காலில் இருந்து இரும்பு கழன்று அவள் நடந்துவிட்டால், தான் அடிவாரத்திலிருந்து மலை வரைக்கும் ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டே ஏறி வருகிறேன் என்று தணிகை முருகனிடம் சொல்லிவிட்டாளாம். நம் மலைக்கு வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படி. பாத்ரூம் படி ஒன்றுக்கு இரண்டு ஆள் தேவைப்படுகிறவள் வேண்டிக்கொண்டது இது!

என்ன செய்ய? மிச்சத்தைப் படித்தேன். இரும்பு கழன்றது, கல்பனா. கழன்றதும் பூவம்மாள் கூடையைத் தள்ளிவிட்டு எழுந்தே நின்றுவிட்டாள். உன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எத்தன வயசுல?" என்றாள். அங்கே ஒரு வம்பு. ஒரு புத்தகத்தில் ஒரு வயது போட்டிருக்கிறது, இன்னொன்றில் வேறு வயது. "ஒரு பொட்டப் புள்ள கால்ல இருந்த இரும்பு எப்ப கழண்டுதுன்னுகூட ஒழுங்கா விசாரிக்காம எழுதுறாங்க, அதுக்கு நீங்க அட்ட வேற போட்டு வெச்சிகினு கீறீங்க" என்று பூவம்மாள் என் மேல் பாய்ந்தாள். பிறகு ஓட்டம், ரோம் நகரம், மூன்று தங்கம். ஊர் திரும்பியதும் அவளுக்கு வரவேற்பு என்றார்கள். வெள்ளைக்காரரும் கறுப்பரும் சேர்ந்து வந்தால்தான் வருவேன் என்று அவள் சொல்லிவிட்டாள் என்பதைப் படித்தபோது, "அது! அதாண்டி என் வில்லம்மா!" என்று பூவம்மாள் தொடுத்து வைத்திருந்த முழப் பூவை எடுத்துப் புத்தகத்தின் மேல் வைத்துவிட்டாள்.

இங்கேதான் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். "இதெல்லாம் நடந்து அறுபது எழுபது வருஷம் ஆயிடுச்சு. நீ வேண்டிக்கிறதுக்கு முன்னாடியே அவ நடந்தாச்சு, ஓடியாச்சு. அதனால வேண்டுதல் செல்லாது" என்றேன். சும்மா இருக்காமல், அந்த அம்மாள் இறந்தே முப்பது வருஷம் ஆகிறது என்றும் சொல்லிவிட்டேன். உன் அம்மாவின் முகம் வாடிப்போயிற்று. "போய்ட்டாளா?" என்றாள். "புள்ளைங்க?" நாலு பேர் என்றேன். "நல்லா இருக்கட்டும்" என்றவள், தலைக்கு ஊற்றிவிடச் சொன்னாள். ஊற்றினேன். ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே, "எந்தக் கிழமையில ஏறலாம்?" என்கிறாள்!

சாவுச் சேதி கேட்ட வீடு, தீட்டு, கோயிலுக்குப் போகக் கூடாது என்று ஒரு போடு போட்டேன்.

"முப்பது வருசம் ஆச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க. இன்னும் இன்னா தீட்டு?" என்றாள் பூவம்மாள்.

"அப்போ கால் சரியானதும் பழசுதானே? தீட்டுக்கு மட்டும் பழசு, வேண்டுதலுக்குப் புதுசா?"

"ஆங், அப்டித்தான்."

நான் என் ரயிலை எடுத்தேன். அரக்கோணம் தாண்டிய ரயில், கை காட்டுதல், எல்லாம் சொன்னேன். உன் அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ரயிலுக்கு முன்னால பின்னால உண்டுங்க. முருகனுக்கு உண்டா? ஞானம்மாள்னு நான் ஒருத்தி பின்னால வேண்டிக்கப் போறேன்னு அவருக்கு அப்பவே தெரியாதா?" என்றாள். நாற்பது வருஷம் கணக்கு நடத்தியவன் நான். எந்தப் படியில் தப்பு என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஆட்டோ குணசேகரனைக் கூப்பிட்டுப் பேச வைத்தேன். "அக்கா, வண்டிப் பாதையில கோயில் வாசல்லயே எறக்கி வுட்றேன். அங்க நாலு படிக்குப் பொட்டு வெச்சிட்டு வந்துரு. சாமி கணக்குப் பாக்காது" என்றான். "அந்தப் பொண்ணு ஆட்டோவுலயாடா ஓடி ஜெயிச்சா?" என்றாள். அவன் என்னைப் பார்த்து, "எனக்குச் சவாரி இருக்குது சார்" என்று போய்விட்டான். சரி, உனக்குப் பதில் நான் மொட்டை போட்டுக்கொள்கிறேன் என்றேன். என் தலையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "குடுக்கறதுக்கு அங்க இன்னாங்க இருக்குது?" என்றாள்.

அன்று முதல் வாக்கர் வாக்கராயிற்று. முதல் நாள் ஹாலில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர். பிறகு வாசல். பிறகு தெரு. அவள் முன்னால் 'டக்டக்' என்று போக, எங்கே தள்ளாடுவாளோ என்று நான் பின்னாலேயே பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போகிறேன். "இன்னா சார், பந்திக்கா?" என்று பால்காரன் கேட்கிறான். ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன்: "இத்தன மாசமா உனக்காக நடன்னு கெஞ்சினேனே, நடந்தியா?" அவள் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்: "எனக்குன்னா நாளைக்குப் பாக்கலாம்னு தோணுதுங்க. இது இன்னொருத்தி பெத்த பொண்ணு விஷயம். இதுல நாள் கடத்த முடியுமா?"

எனக்குச் சந்தோஷம் இல்லை என்று நினைக்காதே. ஆனால் தெரு சமதளம். மலைப்படி அப்படியா? டாக்டருக்குப் போன் செய்தேன். "கம்பியப் பிடிச்சிக்கிட்டு, பக்கத்துல ஆள் வெச்சுக்கிட்டு, நாலஞ்சு படி ஏறட்டும்" என்றார். நாலஞ்சு! ஐப்பசி மழையில் படியெல்லாம் வழுக்குகிறது. இன்னொரு தரம் விழுந்தால் எழுந்திருக்க மாட்டாள். எனக்கு அவளை விட்டால் யார் இருக்கிறார்கள்? அதனால் உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். அவள் உன் பேச்சு ஒன்றைத்தான் கேட்பாள். உடனே போன் செய்து, படியேறக் கூடாது என்று கண்டித்துச் சொல். இனிமேல் புத்தகம் எதுவும் அனுப்பாதே. அனுப்பினாலும் யாருக்கும் எந்த நோயும் வராத புத்தகமாக அனுப்பு. போன வாரம் உனக்கு இடுப்பு வலி என்றாய். நடக்கப் போகக் கூடாதா என்று கேட்டதற்கு 'நாளைக்குப் பார்க்கலாம்' என்றாய். தாயும் மகளும் இதில் ஒன்றுதான். உடம்பைப் பார்த்துக்கொள்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் கழுத்து, இடுப்பு, முழங்கால் மூன்றும் என்றும் நல்லபடியாக இருக்க ஆசீர்வதிக்கும்,
அப்பா மணவாளன்.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டிய பிறகு பிரித்து இதை எழுதுகிறேன். தபால் தலை வாங்கப் போய்விட்டு வந்தேன். நாற்காலி காலி. வாக்கரும் இல்லை, மஞ்சள் முடிச்சும் இல்லை. பூவம்மாள் வீடும் பூட்டு. மழை விட்டிருந்தது. கையில் தபால் தலையோடு அடிவாரத்துக்கு ஓடினேன். ஓடினேன் என்றே எழுதுகிறேன், யாரும் மூன்று தங்கம் கொடுக்கவில்லை. கீழே படியோரமாக வாக்கர் நின்றுகொண்டிருந்தது. அதில் பூவம்மாளின் பூக்கூடை தொங்கியது. மேலே பார்த்தால், படியில் உட்கார்ந்து மஞ்சள் வைத்துக்கொண்டு, கம்பியைப் பிடித்து எழுந்து, அடுத்த படியில் உட்கார்ந்து, உன் அம்மா போய்க்கொண்டிருக்கிறாள். பூவம்மாள் அவள் இடுப்பைச் சுற்றிக் கை போட்டிருந்தாள். டாக்டர் சொன்ன நாலஞ்சு எப்போதோ தாண்டியாயிற்று. திட்டத்தான் போனேன். பக்கத்தில் போனதும், "வந்தீங்களா? குங்குமக் கிண்ணத்தப் புடிங்க" என்றாள். பிடித்தேன். அவள் மஞ்சள், நான் குங்குமம். முதல் மண்டபம் வரைக்கும் போனோம். அதற்கு மேல் கால் நடுங்கியது. அவளுக்கு இல்லை, எனக்கு. மிச்சத்தை அடுத்த கிருத்திகையில் பார்த்துக்கொள்ளலாம், எழுபது வருஷம் முன்னாலேயே செய்து கொடுத்தவர் இதற்குக் காத்திருக்க மாட்டாரா என்று பூவம்மாள் தீர்ப்புச் சொன்னாள்.

ஆகையால் மேலே எழுதியது எதையும் செய்யாதே. போன் செய்து கண்டிக்காதே. அடுத்த புத்தகத்தை அனுப்பு; நோய் கொஞ்சம் பெரியதாகவே இருக்கட்டும். அம்மா நலம். வாக்கரில் மறுபடி என் துண்டு காய்கிறது. உனக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். நாளைக் காலை எழுந்ததும், உனக்காக வேண்டாம், வேறு யாரையாவது மனதில் நினைத்துக்கொண்டு, தெருமுனை வரைக்கும் நடந்து பார்.