ஐயாயிரம் கிலோமீட்டர் வரைக்கும் யாரும் ஏறக்கூடாது

ஊரார் வாயைத் திறக்கவைத்தே பிழைப்பு நடத்துகிற பல் டாக்டர், சொந்த வீட்டில் வாயைத் திறந்தார். அங்கேதான் பிடித்தது சனி.

"இந்தக் கார்ல என்னைத் தவிர யாரும் ஏறக்கூடாது!"

கார் அன்று காலையில்தான் ஷோரூமிலிருந்து வந்திருந்தது. சிவப்பு நிறம், இரண்டே சீட், தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு நிற்கிற ஸ்போர்ட்ஸ் கார். வாழ்நாள் ஆசை. அதை அவர் துடைத்த அழகைப் பார்த்தால், பெற்ற பிள்ளையைக்கூட யாரும் அப்படிக் குளிப்பாட்டியிருக்க மாட்டார்கள்.

கோர்ட்டுக்குப் போகக் கறுப்பு கோட்டை மாட்டிக்கொண்டிருந்த மனைவி திரும்பிப் பார்த்தாள். வக்கீல். டாக்டர் அடுத்தவர் வாயை நம்பிப் பிழைப்பவர். இவள் தன் வாயையே நம்பிப் பிழைப்பவள்.

"ஏன் ஏறக்கூடாதாம்?"

"புது இன்ஜின்ம்மா. இப்போ உள்ளே இருக்கிறது சாதா ஆயில். ஐயாயிரம் கிலோமீட்டர் ஓடி, உள்ளே இருக்கிற பாகமெல்லாம் ஒண்ணோட ஒண்ணு பழகணும். அப்புறம்தான் சிந்தெடிக்னு உசத்தி ஆயிலா மாத்தணும். அதுவரைக்கும் பச்சைப் பிள்ளை மாதிரி பாத்துக்கணும். பாரம் ஏத்தக்கூடாது. வேகம் அம்பதைத் தாண்டக்கூடாது. ஆளாளுக்கு ஓட்டக்கூடாது."

இதில் எது உண்மை, எது சரடு என்று டாக்டருக்கே தெரியாது. ஆயில் விஷயம் போனில் பார்த்த ஏதோ வீடியோ. பாரம் விஷயம் முழுக்க முழுக்கச் சொந்தச் சரக்கு. மறுநாள் மாமியார் வருகிறார். முழங்கால் சிகிச்சை, மூன்று மாதம். சிகிச்சை தரும் இடமோ டாக்டரின் கிளினிக்குக்கு அடுத்த கட்டடம். தினமும் கூட்டிப்போய்க் கூட்டிவரும் வேலை யார் தலையில் விடியும் என்று தெரிந்துகொள்ள ஜோசியரிடம் போகவேண்டியதில்லை. அத்தை வண்டியில் ஏறினால் தைலமும் மணக்கும், வாயும் ஓயாது. அந்த வாயை மூடவைக்கிற வைத்தியம் எந்தப் பல் காலேஜிலும் சொல்லித்தரவில்லை. பழைய காரை மனைவி தலையில் கட்டி, அத்தையையும் அதிலேயே ஏற்றிவிட்டால் தீர்ந்தது. இதுதான் டாக்டரின் மகா திட்டம்.

"பாரம்னா எவ்வளவு?" என்றாள் மனைவி.

"ஓட்டற ஆள் மட்டும். ஒரு பை கூட கூடாது."

"ஆள் மாறினா?"

"கூடவே கூடாது. ஒரே கை, ஒரே கால்."

"அம்பதைத் தாண்டினா?"

"போச்சு! இன்ஜின் அவ்வளவுதான்."

"அப்புறம் மாத்திப் பேசமாட்டீங்களே?"

"சத்தியமா!" என்று தொடையைத் தட்டினார்.

"சரிங்க," என்றாள் மனைவி.

அவள் 'சரிங்க' என்றால் எதிர்த்தரப்பு வக்கீலே வாய்தா கேட்பார். கூடவே குடித்தனம் நடத்துகிற மனுஷனுக்கு அது தெரிய வேண்டாமா? தெரியவில்லை. ஜெயித்துவிட்டதாக நினைத்துக் குளியலறையில் பாட்டு வேறு.

மறுநாள் மாமியார் வந்து சேர்ந்தார். டாக்டர் கிளம்பி வந்து பார்த்தால், ஆணியில் பழைய காரின் சாவி மட்டும் தொங்கியது. கதவைச் சாத்தினால் டிக்கி திறந்துகொள்ளுமே, அந்தக் கார்.

"என் சாவி எங்கே?"

"என்கிட்டதான். புது வண்டியை நான் ஓட்டறேன்."

"நீயா? ஆள் மாறக்கூடாதுன்னு சொன்னேனே!"

"மாறலையே. நீங்க இன்னும் ஓட்டவே இல்லை. ஷோரூம்காரர் கொண்டுவந்து விட்டார், நீங்க துடைச்சீங்க. துடைக்கிறது ஓட்டினதா ஆகாதுங்க. இனிமே ஓட்டப்போற அந்த ஒரே கை யாரோடதுங்கறதுதான் கேள்வி. அம்பதைத் தாண்டாம ஓட்டறது இந்த வீட்ல யாரு? போன மாசம் வேகமாப் போய் மாட்டிக்கிட்டு, காப்பாத்தச் சொல்லி யார் கால்ல விழுந்தீங்க?"

"அது பழைய கார்..."

"பழசுலயே அந்தப் பாய்ச்சல்! பச்சைப் பிள்ளையை உங்க கையில கொடுப்பேனா? அம்மா பாரம். பாரத்தைப் பழைய கார்ல ஏத்துங்க. எல்லாம் உங்க சட்டம்தான்."

அன்றிலிருந்து தினமும் இதே கூத்து.

"மெதுவா, மாப்பிள்ளை. நாய், மாப்பிள்ளை. அந்த நாய் நம்மளையே பாக்குது, மாப்பிள்ளை."

"அது தூங்குது அத்தை."

"தூங்கற மாதிரி நடிக்குது."

சிக்னலில் நின்றால் பக்கத்தில் சிவப்புக் கார் வழுக்கிக்கொண்டு வந்து நிற்கும். கறுப்புக் கண்ணாடி போட்ட மனைவி கையசைப்பாள். டாக்டர் பல்லை நறநறவென்று கடிப்பார். நோயாளிகளிடம் அவர் செய்யாதே, செய்யாதே என்று சொல்லும் அதே காரியம்.

அவருக்கு இருந்த ஒரே ஆறுதல் சிவப்புக் காரின் மீட்டர். தினமும் சாயங்காலம் போய் எட்டிப் பார்ப்பார். அவளும் சளைக்காமல் ஓட்டினாள். ஒருவழியாக, மூன்றாம் மாதக் கடைசியில் ஐயாயிரமும் ஆனது. இருப்பதிலேயே உசத்தியான சிந்தெடிக் ஆயிலை வாங்கி, டப்பாவைக் குழந்தையைப்போல் இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, பானெட்டைத் திறந்தார்.

உள்ளே ஒரு ஸ்டிக்கர் பளிச்சென்று ஒட்டியிருந்தது. 'தொழிற்சாலையிலேயே சிந்தெடிக் ஆயில் நிரப்பப்பட்டது. முதல் நாளிலிருந்தே சிந்தெடிக் மட்டும்.'

"ஏய், இங்கே வா!" என்று கத்தினார். "இதுல ஆரம்பத்துலேருந்தே சிந்தெடிக்தான்! மாத்தறதும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை! எடு சாவியை!"

"தெரியுமே," என்றாள் மனைவி. "வண்டி வந்த அன்னிக்கே படிச்சேன்."

"அடிப்பாவி! ஏன் சொல்லலை?"

"ஒருத்தர் சத்தியம் பண்ணிட்டிருக்கறப்போ குறுக்கே பேசறது மரியாதை இல்லைங்க."

"அந்தச் சட்டமே பொய்! சாவியைக் கொடு!"

"அம்மாவை ஏத்தக்கூடாதுன்னதும் பொய்தானே?" அவள் குரலைத் தணித்தாள். "ஒண்ணு சொல்லட்டுமா? அம்மாவுக்கு முழங்கால் மடங்காது. இவ்வளவு தாழ்வான சீட்டுல அவங்களால உக்காரவே முடியாது. நீங்க வாயை மூடிட்டுச் சும்மா இருந்திருந்தா, முதல் நாளே அவங்களை நானே பழைய கார்ல கூட்டிட்டுப் போயிருப்பேன்."

டாக்டர் பானெட்டை அறைந்து சாத்தினார். அதற்குள் பையும் தைலமுமாக மாமியார் வாசலுக்கு வந்துவிட்டார்.

"என்ன மாப்பிள்ளை சத்தம்?"

"உன் மாப்பிள்ளை உன்கிட்ட ஏதோ சொல்லணுமாம், அம்மா," என்றாள் மனைவி. "உன்னை ஏன் புது வண்டியில ஏத்தலைன்னு."

"அதான் எனக்குத் தெரியுமே! ஆசையா வாங்கின வண்டியைப் பொண்டாட்டிகிட்ட கொடுத்துட்டு, எனக்காக அந்த ஓட்டை வண்டியை ஓட்டறார். இப்படி ஒரு மாப்பிள்ளை யாருக்குக் கிடைப்பார்னு சொந்தக்காரங்க ஒருத்தர் விடாம போன் போட்டுச் சொல்லிட்டேன்." மாமியாரின் கண் நிஜமாகவே கலங்கியது. "சொல்லுங்க மாப்பிள்ளை. என்ன விஷயம்?"

டாக்டர் மாமியாரைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். ஆயில் டப்பாவை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"ஒண்ணுமில்லை அத்தை. ஆயில் மாத்த இன்னும் ஐயாயிரம் ஓடணுமாம். அதுவரைக்கும் நம்ம பழைய வண்டிதான்."

"அதுக்கென்ன மாப்பிள்ளை, உங்களைத் தனியா விட்டுடுவேனா? நானும் இன்னும் மூணு மாசம் இருந்துட்டே போறேன்!"